கண்ணாடி போட்டால் 'டிகிரி' ஏறுமா? ஒளி வளையும் விதமும் பிள்ளைகளின் கிட்டப்பார்வையும்

தேக்கா நிலையத்தில் சாப்பிட உட்காருகிறீர்கள். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு ஸ்ட்ரா. தண்ணீர் மட்டத்தில் ஸ்ட்ரா ஒடிந்துபோனது போலத் தெரியும். வெளியே எடுத்துப் பார்த்தால் நேராகத்தான் இருக்கும்.

அங்கிருந்து வெளியே வந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் மூக்குக் கண்ணாடிக் கடைகளைப் பார்க்கலாம். பிள்ளையின் கண்ணைச் சோதித்துவிட்டு "250 டிகிரி" என்று சொன்னதும் பல பெற்றோருக்கு மனசு கலங்கிவிடும். "இந்த வயசுலயே கண்ணாடி போட்டா டிகிரி ஏறிக்கிட்டே போயிடாதா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

குவளையில் ஸ்ட்ரா ஒடிந்து தெரிவதற்கும் பிள்ளைக்கு வகுப்பறைப் பலகை மங்கலாகத் தெரிவதற்கும் பின்னால் இருப்பது ஒரே அறிவியல். அதைப் புரிந்துகொண்டால் பெற்றோரின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ஒளி ஏன் வளைகிறது?

ஒளி எப்போதும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. வெற்றிடத்தில் அது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். காற்றிலும் ஏறக்குறைய அதே வேகம்தான். தண்ணீருக்குள் நுழைந்ததும் வேகம் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டராகக் குறைந்துவிடும். சாதாரணக் கண்ணாடிக்குள் இன்னும் குறைந்து சுமார் 2 லட்சம் கிலோமீட்டராகும்.

வேகம் குறைந்தால் பாதை ஏன் வளைய வேண்டும்? வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சாமான் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான சிமெண்ட் தரை முடிந்து புல்தரை ஆரம்பிக்கிறது. நீங்கள் சாய்வாக வந்தால் ஒரு பக்கச் சக்கரம் முதலில் புல்லில் இறங்கும். அதன் வேகம் குறையும். மறுபக்கச் சக்கரம் இன்னும் சிமெண்ட் தரையில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். உடனே வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். நேர் எதிராக வந்து இறங்கினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகம் குறையும், வண்டி திரும்பாது.

ஒளியும் அப்படித்தான். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் சாய்வாக நுழையும்போது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் அதன் பாதை திரும்புகிறது. இதற்கு ஒளிவிலகல் என்று பெயர். உயர்நிலைப் பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த ஞாபகம் இருக்கலாம்.

ஸ்ட்ராவின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஒளி, தண்ணீரை விட்டு வெளியேறும்போது திரும்புகிறது. ஆனால் நம் மூளைக்கு அது தெரியாது. ஒளி நேராகத்தான் வந்திருக்கும் என்றே அது எடுத்துக்கொள்ளும். அதனால் ஸ்ட்ராவின் அடிப்பகுதி உண்மையில் இல்லாத ஓர் இடத்தில் இருப்பதாகக் காட்டுகிறது.

எவ்வளவு வளையும்?

ஒரு பொருள் ஒளியின் வேகத்தை எந்த அளவு குறைக்கிறது என்பதை ஓர் எண்ணால் சொல்வார்கள். அதுதான் ஒளிவிலகல் எண். எண் கூடினால் வளைவும் கூடும்.

- காற்று: ஏறக்குறைய 1
- தண்ணீர்: 1.33
- கண்ணின் முன்பக்கமுள்ள கார்னியா: சுமார் 1.38
- சாதாரண மூக்குக் கண்ணாடி லென்ஸ்: சுமார் 1.50
- மெல்லிய வகை லென்ஸ்கள்: 1.60, 1.67, 1.74
- வைரம்: 2.42

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் வைரம் அவ்வளவு மின்னுவதற்கும் இந்த எண்தான் முக்கியக் காரணம். வைரத்துக்குள் போன ஒளி எளிதில் வெளியே வர முடியாது. சரியாகப் பட்டை தீட்டிய வைரத்தில் அது உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து, கடைசியில் மேல்பக்கமாக நம் கண்ணை நோக்கி வரும்.

எந்தக் கோணத்தில் நுழைந்தால் எவ்வளவு திரும்பும் என்ற விதியை 10-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் இருந்த இப்னு சஹ்ல் என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். அதையே 1621-இல் நெதர்லாந்தின் வில்லபிரோர்ட் ஸ்னெல் தனியாகக் கண்டுபிடித்தார். இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது ஸ்னெல் விதி என்ற பெயர்தான். கேமரா, நுண்ணோக்கி, மூக்குக் கண்ணாடி என எல்லா லென்ஸுக்கும் அடிப்படை இந்த விதியே.

நீச்சல் குளத்தில் ஏமாறாதீர்கள்

கண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு பாதுகாப்பு விஷயம். குளத்தின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால், தரை உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகத் தெரியும். ஸ்ட்ரா ஒடிந்து தெரிவதற்கான அதே காரணம்தான்.

நேர் மேலிருந்து பார்க்கும்போது ஆழம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவாகத் தெரியும். 1.2 மீட்டர் ஆழமுள்ள குளம் 0.9 மீட்டர் போலத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் ஆழம் குறைவாகத் தெரியும். "இடுப்பளவு தண்ணிதானே" என்று நினைத்துச் சின்னப் பிள்ளையை இறக்கிவிட்டால், தண்ணீர் அவன் தலைக்கு மேல் இருக்கலாம். குளத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் ஆழ அளவைத்தான் நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

உங்கள் கண்ணும் ஒரு லென்ஸ்தான்

நாம் பார்ப்பதே ஒளி வளைவதால்தான். ஒரு மரத்திலிருந்து வரும் ஒளி கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கார்னியா என்ற தெளிவான, வளைந்த படலத்தில் நுழைகிறது. பிறகு உள்ளே இருக்கும் விழிலென்ஸைக் கடந்து, கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. குவிந்தால் தெளிவு, குவியாவிட்டால் மங்கல்.

கண்ணுக்குள் ஒளியை அதிகம் வளைப்பது விழிலென்ஸ் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது கார்னியாதான். காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும் இடத்தில்தான் ஒளிவிலகல் எண் பெரிதாக மாறுகிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்ப நுணுக்கமாகச் சரிசெய்வது விழிலென்ஸின் வேலை.

இதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். நீச்சல் குளத்தில் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாக இருக்கும். தண்ணீரின் எண் 1.33, கார்னியாவின் எண் 1.38. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் கார்னியாவால் ஒளியைப் போதிய அளவு வளைக்க முடியவில்லை. நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடியும் காற்று வந்துவிடுகிறது, பார்வையும் தெளிவாகிவிடுகிறது.

கிட்டப்பார்வையில் என்னதான் நடக்கிறது?

பிறந்த குழந்தையின் கண், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை 16 முதல் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவர்களுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி சரியான இடத்தில் நின்றுவிட்டால் ஒளி சரியாக விழித்திரையில் குவியும்.

சில பிள்ளைகளுக்குக் கண் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகிறது. விழித்திரை பின்னால் தள்ளிப் போய்விடுகிறது. தூரத்திலிருந்து வரும் ஒளி, விழித்திரையை எட்டும் முன்பே குவிந்து, மறுபடியும் விரியத் தொடங்கிவிடும். அதனால் தூரத்தில் இருப்பது மங்கல், கிட்டத்தில் இருப்பது தெளிவு. இதுதான் கிட்டப்பார்வை.

கண்ணின் நீளம் 1 மில்லிமீட்டர் கூடினாலே சுமார் 250 முதல் 300 டிகிரி வரை வந்துவிடும்.

'டிகிரி' என்றால் என்ன?

சிங்கப்பூரில் நாம் பேச்சுவழக்கில் 'டிகிரி' என்கிறோம். கண் பரிசோதனைச் சீட்டில் அது டயாப்டர் என்ற அளவில் இருக்கும். 100 டிகிரி என்பது 1 டயாப்டர். சீட்டில் -2.50 என்று இருந்தால் 250 டிகிரி கிட்டப்பார்வை. கழித்தல் குறி கிட்டப்பார்வையையும் கூட்டல் குறி தூரப்பார்வையையும் குறிக்கும்.

பிள்ளைக்கு எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரிகிறது என்பதை நீங்களே கணக்கிடலாம். 100-ஐ டிகிரியால் வகுத்தால் மீட்டரில் விடை கிடைக்கும்.

- 100 டிகிரி: 1 மீட்டர் வரை தெளிவு
- 250 டிகிரி: 40 சென்டிமீட்டர் வரை
- 500 டிகிரி: 20 சென்டிமீட்டர் வரை

அதாவது 250 டிகிரி உள்ள பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் கையில் இருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும், வகுப்பறைப் பலகை தெரியாது. "பாடத்துல கவனமே இல்ல" என்று திட்டுவதற்கு முன் கண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பிறந்ததிலிருந்து தெளிவான பார்வை எப்படி இருக்கும் என்று தெரியாத பிள்ளை, தானாக வந்து "எனக்குத் தெரியல" என்று சொல்லாது.

கண்ணாடி செய்வதும் செய்யாததும்

கிட்டப்பார்வைக்குக் கொடுப்பது குழிவில்லை. நடுவில் மெலிதாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இருக்கும். அது ஒளியைக் கொஞ்சம் விரித்து அனுப்புகிறது. விரிந்து வரும் ஒளியைக் கண் குவிக்கும்போது, குவியும் இடம் சற்றுப் பின்னால் தள்ளி, சரியாக விழித்திரையில் விழுகிறது.

சாதாரணக் கண்ணாடி செய்வது இவ்வளவுதான். அது ஒளியின் பாதையை மாற்றுகிறது. கண்ணின் நீளத்தை மாற்றுவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கடி கேட்கும் கேள்விகளைப் பார்ப்போம்.

"கண்ணாடி போட்டா டிகிரி ஏறிடுமா?"

இல்லை. கண் வளர்வதால்தான் டிகிரி ஏறுகிறது. கண்ணாடி போட்ட பிறகு டிகிரி கூடுவதைப் பார்த்துக் கண்ணாடிமேல் பழி போடுகிறோம். அந்த வயதில் கண்ணாடி போடாவிட்டாலும் கண் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

"கொஞ்சம் கம்மியான டிகிரியில போட்டா கண்ணு பழகிக்குமா?"

பழகாது. இதை மலேசியாவில் சோதித்தே பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் சில பிள்ளைகளுக்கு முழு அளவும் சிலருக்கு வேண்டுமென்றே குறைந்த அளவும் கொடுக்கப்பட்டது. குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை மெதுவாகவில்லை. மாறாக, சற்று வேகமாகவே கூடியது.

"விலை கூடின மெல்லிய லென்ஸ் போட்டா கண்ணுக்கு நல்லதா?"

1.67, 1.74 போன்ற எண்கள் லென்ஸ் செய்த பொருளின் ஒளிவிலகல் எண்கள். அந்தப் பொருள் ஒளியை அதிகம் வளைப்பதால், அதே டிகிரிக்கு மெல்லிய லென்ஸ் போதும். எடை குறையும், பார்க்க அழகாக இருக்கும். கிட்டப்பார்வை கூடுவதை அது தடுக்காது. குறைந்த டிகிரி உள்ள பிள்ளைக்கு 1.74 லென்ஸுக்குச் செலவழிக்க அவசியம் பெரும்பாலும் இல்லை.

"பெரியவனானதும் லேசர் பண்ணிட்டா சரியாயிடும்ல?"

லேசர் சிகிச்சை கார்னியாவின் வளைவைச் செதுக்கி, ஒளி வளையும் அளவை மாற்றுகிறது. கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் நீண்டுபோன கண் நீண்டபடியேதான் இருக்கும்.

அந்தக் கடைசிப் பதில்தான் முக்கியம். கண் நீளும்போது பின்னால் இருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. 500, 600 டிகிரிக்கு மேல் போனவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழன்று வருவது, கண் அழுத்த நோய், விழித்திரையின் நடுப்பகுதி சிதைவது ஆகிய ஆபத்துகள் கூடுதல். இவை பார்வையையே பறிக்கக்கூடியவை. லேசர் செய்துகொண்டாலும் இந்த ஆபத்து போகாது. எனவே தெளிவாகப் பார்க்க வைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கண் நீள்வதையும் மெதுவாக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஏன் இவ்வளவு அதிகம்?

உலகில் கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. தொடக்கநிலை 6-ஐ எட்டும்போது ஏறக்குறைய 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. இளையர்களில் அது சுமார் 83 விழுக்காடு. இதைச் சமாளிக்க 2001-இல் தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2019-இல் சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம், பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கென்றே பிடோக்கில் ஒரு நிலையத்தைத் திறந்தது.

"எங்க குடும்பத்துலயே எல்லாருக்கும் கண்ணாடிதான்" என்று மரபணுவைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வசிக்கும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கும் சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. இனம் ஒன்று, வயது ஒன்று. பெரிதாக வேறுபட்டது வெளியில் இருந்த நேரம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சுமார் 3 மணி நேரம்தான்.

வெளியில் இருப்பது ஏன் உதவுகிறது? பகல் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமானது. மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிட அதிக வெளிச்சம் கிடைக்கும். பிரகாசமான வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது என்றும், அது கண் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

டிகிரி ஏறுவதை மெதுவாக்க என்ன வழி?

வெளியில் விளையாட்டு: ஒரு நாளைக்கு 2 மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் இருப்பது நல்லது. ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்து போவது, மாலையில் விளையாட்டுத் திடல், வாரயிறுதியில் பூங்கா என்று பிரித்துக்கொள்ளலாம். தொப்பி போடலாம், நிழலில் இருக்கலாம். சூரியனை நேரடியாகப் பார்க்கக் கூடாது. கிட்டப்பார்வை வருவதற்கு முன்பே இதைத் தொடங்கினால் பலன் அதிகம்.

அட்ரோப்பின் சொட்டு மருந்து: சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்தின் ஆய்வாளர்கள் 6 முதல் 12 வயதுள்ள 400 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. மிகக் குறைந்த 0.01 விழுக்காட்டு அட்ரோப்பின், பக்க விளைவுகள் குறைவாகவும் கிட்டப்பார்வையை மெதுவாக்குவதாகவும் அதில் தெரியவந்தது. பிறகு ஹாங்காங்கில் நடந்த ஆய்வில் 0.05 விழுக்காட்டு மருந்து கூடுதல் பலன் தந்தது. எந்த அளவு, எவ்வளவு காலம் என்பதைக் கண் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிறப்பு லென்ஸ்கள்: இங்கே மறுபடியும் ஒளிவிலகல் வருகிறது. இந்தக் கண்ணாடிகளின் நடுப்பகுதி சாதாரண லென்ஸ் போலத் தெளிவான பார்வை தரும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான குட்டி லென்ஸ்கள் இருக்கும். அவை ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் குவியச் செய்கின்றன. 'இனி நீள வேண்டாம்' என்ற சமிக்ஞை அதனால் கண்ணுக்குக் கிடைப்பதாகக் கருதப்படுகிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 2 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், இத்தகைய ஒரு லென்ஸை அணிந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடும் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இவை எதுவும் ஏற்கெனவே நீண்ட கண்ணைச் சுருக்காது. இருக்கும் டிகிரியைக் குறைப்பதாகச் சொல்லும் கண் பயிற்சிகளையும் மாத்திரைகளையும் நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

- பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, அடிக்கடி கண்ணைக் கசக்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

- பள்ளிக் கண் பரிசோதனைக்குப் பிறகு மேல் பரிசோதனைக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

- சின்னப் பிள்ளைகளின் விழிலென்ஸ் தசை வலுவானது. சோதனையின்போது அது இறுகியிருந்தால் டிகிரி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால்தான் கண் மருத்துவர்கள் சொட்டு மருந்து விட்டு, தசையைத் தளர்த்திய பிறகு அளக்கிறார்கள். சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். பயப்பட வேண்டாம்.

- பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஓர் ஆண்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம்.

- புத்தகமோ கைப்பேசியோ, கண்ணிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி தேவை என்று சொன்னால் தயங்காமல் போட்டுவிடுங்கள். பலகை தெரியாமல் பிள்ளை தவிப்பதால் எந்த நன்மையும் இல்லை. டிகிரி ஏறுமே என்ற கவலை இருந்தால், அதற்குச் செய்ய வேண்டியது கண்ணாடியைக் கழற்றி வைப்பது அல்ல. கண்ணாடியைப் போட்டுவிட்டு, பிள்ளையை வெளியே விளையாட அனுப்புங்கள்.